தீ வைத்தவன் யார், ஏன் வைத்தான்? - நெருப்புக் கதைகளும் வெண்மணியும்

ஒரு நாவலில் ஒருவன் ஒரு வீட்டுக்குத் தீ வைக்கிறான். அதை எழுதும் எழுத்தாளர் எதையெல்லாம் காட்டலாம்? எதையெல்லாம் காட்டக் கூடாது?

இந்தக் கேள்விக்குப் பட்டியல் போட்டே பதில் வைத்திருப்பவர்கள் அமெரிக்காவின் கிறிஸ்தவப் பதிப்பகத்தார். அங்கே கிறிஸ்தவ காதல்-மர்ம நாவல் என்று ஒரு தனி வகையே உண்டு. ஒரு காதல், ஒரு குற்றம், நடுவில் கடவுள் நம்பிக்கை. மூன்றும் சேர்ந்தால் ஒரு புத்தகம். ஹார்லிக்வின் நிறுவனம் 2005-ல் 'லவ் இன்ஸ்பயர்டு சஸ்பென்ஸ்' என்று இதற்காகவே ஒரு வரிசை தொடங்கியது. இந்த வகை நூல்களுக்கான விதிகள் ஏறக்குறைய எல்லோருக்கும் தெரிந்தவைதான். திருமணத்துக்கு முன் படுக்கையறைக் காட்சி கிடையாது. கெட்ட வார்த்தை கிடையாது. ரத்தத்தையும் சாவையும் விலாவாரியாக வர்ணிக்கக் கூடாது. கடைசியில் குற்றவாளி பிடிபட வேண்டும், காதலர்கள் சேர வேண்டும்.

தீவைப்பும் இந்த வகைக்கு வந்திருக்கிறது. டீ ஹெண்டர்சன் 2001-ல் எழுதிய 'தி புரொடெக்டர்' நாவலில் கதாநாயகன் தீயணைப்பு வீரன். கதாநாயகியும் தீயணைப்புத் துறையில் இருந்து ஒரு விபத்தில் தீக்காயம் பட்டவள். ஊரில் யாரோ தொடர்ந்து தீ வைக்கிறார்கள். யார், ஏன் என்பதுதான் மர்மம்.

சரி, இந்த விதிகளைத் தமிழுக்குக் கொண்டுவந்து பார்த்தால் என்ன ஆகும்? கெட்ட வார்த்தை இல்லை, ஆபாசம் இல்லை, வர்ணனை இல்லை என்றால் போதுமா? தமிழில் தீவைப்பைப் பற்றி நடந்த மிகப் பெரிய இலக்கியச் சண்டை ஒன்று இருக்கிறது. அந்தச் சண்டை வேறொரு கேள்வியைச் சுற்றி நடந்தது. எரித்தவனுக்குக் கதாசிரியர் என்ன காரணம் கொடுக்கிறார் என்பதே அந்தக் கேள்வி.

முனிசீப் எழுதிய முதல் நாவல்

'எல்லோரும் படிக்கக் கூடிய கதை' என்ற எண்ணம் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது என்று நினைத்தால் தவறு. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் வந்தது. எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அவர் கிறிஸ்தவர், மாயவரத்தில் மாவட்ட முனிசீப்பாக இருந்தவர். அதாவது பகலெல்லாம் வழக்குகளைக் கேட்டவர்.

அவருடைய நாவலிலும் காதல் இருக்கிறது, பிரிவு இருக்கிறது, ஆபத்து இருக்கிறது. கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேடம் போட்டு ஒரு நாட்டையே ஆளுகிறாள். ஆனால் வீட்டில் சத்தமாகப் படிக்க முடியாத ஒரு வரி கூட இல்லை. தன் மதத்தை யார் மீதும் திணிக்கவும் இல்லை. அதற்கு முந்தைய வருடமே 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' வெளியிட்டவர் அல்லவா!

ஆக, சுத்தமான கதை எழுதுவது தமிழ் நாவலுக்குப் பிறவியிலேயே வந்த குணம். அந்த நாவல் பிறந்த காவிரி டெல்டாவில்தான், கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் கழித்து, எந்தச் சுத்தமான கதைக்குள்ளும் அடங்காத ஒரு தீ எரிந்தது.

கண்ணகி போட்ட நிபந்தனை

வெண்மணிக்குப் போவதற்கு முன் இன்னொரு நெருப்பையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தமிழனுக்குத் தீ என்றால் முதலில் ஞாபகம் வருவது மதுரைதான். சிலப்பதிகாரத்தில் கண்ணகி ஊரையே எரிக்கிறாள். ஆனால் அவள் தீக்கு நிபந்தனை போடுகிறாள். பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியவர்கள், குழந்தைகள் இவர்களை விட்டுவிட்டுத் தீயவர்கள் பக்கம் மட்டும் போ என்கிறாள்.

காவியத் தீ அந்த உத்தரவைக் கேட்டு நடந்தது. நிஜத் தீ யார் சொல்வதையும் கேட்காது. அது கூரையைப் பார்க்கும், காற்றைப் பார்க்கும், அவ்வளவுதான். தீவைப்பை எழுத உட்காரும் எந்த எழுத்தாளரும் இந்த வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது. காவியத்தில் நெருப்பு நீதி வழங்கலாம். கிராமத்தில் அது குடிசைக்குள் ஒளிந்திருப்பவர்களைத்தான் முதலில் எடுக்கும்.

1968 டிசம்பர் 25

அன்று கிறிஸ்துமஸ். அப்போதைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், இப்போது நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கும் கீழ்வெண்மணி. விவசாயக் கூலித் தொழிலாளர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். அவர்கள் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்திருந்தார்கள். அறுவடைக் கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். நில உடைமையாளர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். அதன் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு. கூலியை உயர்த்துவதற்குப் பதில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுவடை செய்தார்கள். கொடியை இறக்கு, சங்கத்தை விடு என்று மிரட்டினார்கள். பகை பல மாதமாகவே வளர்ந்துகொண்டிருந்தது.

அன்று இரவு கும்பல் ஒன்று சேரிக்குள் வந்து தாக்கியது. ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் வயதானவர்களும் ராமையா என்பவரின் சின்னக் குடிசைக்குள் போய் ஒளிந்தார்கள். அந்தக் குடிசை கொளுத்தப்பட்டது. 44 பேர் இறந்தார்கள். கண்ணகி யாரையெல்லாம் விட்டுவிடு என்றாளோ, அவர்களில் முதியவர்களும் பெண்களும் குழந்தைகளும்தான் அங்கே செத்தார்கள்.

அதே இரவில் நில உடைமையாளர்கள் தரப்பைச் சேர்ந்த ஒருவரும் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தொழிலாளர்களுக்குத் தண்டனை கிடைத்தது. 44 பேர் வழக்கு என்ன ஆனது?

நீதிமன்றம் கேட்ட 'நாவல்' கேள்வி

1970-ல் நாகப்பட்டினம் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலருக்குப் பத்து வருட சிறைத் தண்டனை விதித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டுக்கு வந்தது. 1973-ல் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள்.

அந்தத் தீர்ப்பில் இன்றுவரை எல்லோரும் எடுத்துக் காட்டும் ஒரு வாதம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் பணக்காரர்கள், நிறைய நிலம் வைத்திருப்பவர்கள், ஒருவர் கார் கூட வைத்திருந்தார். இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து போய்க் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம், வேலையாட்களைத்தான் அனுப்பியிருப்பார்கள் என்பது அதன் சாரம்.

கொஞ்சம் நின்று யோசித்தால், இது ஒரு நாவலாசிரியர் தன்னிடமே கேட்டுக்கொள்ளும் கேள்வி மாதிரி இருக்கிறது. இந்தக் கதாபாத்திரம் இப்படிச் செய்யுமா? இவருடைய குணத்துக்கு இது பொருந்துமா? கதை எழுதுபவர்கள் தினமும் இப்படி யோசிப்பார்கள். அங்கே தவறினால் ஒரு நாவல் கெடும். இங்கே 44 பேர் சாவுக்கு யாரும் பொறுப்பில்லை என்று ஆனது.

தொழிற்சங்கத் தலைவர் மைதிலி சிவராமன் சம்பவத்துக்குப் பின் நேரில் போய் விவரம் சேகரித்து எழுதியவர். தீர்ப்பு வந்த 1973-ம் வருடமே 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் அவர் எழுதிய கட்டுரை, கனவான்கள் கொலை செய்ய மாட்டார்கள் என்ற இந்த எண்ணத்தைத்தான் தலைப்பிலேயே கிண்டல் செய்தது. அவருடைய கட்டுரைகள் 2013-ல் ஆங்கிலத்தில் தொகுப்பாக வந்தபோது அதன் பெயரிலும் நெருப்பு இருந்தது. 2021-ல் அவர் காலமானார்.

குருதிப்புனல் - பரிசும் சண்டையும்

தீர்ப்பு வந்து இரண்டு வருடத்தில், 1975-ல், இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவல் வந்தது. (கமல் நடித்து 1995-ல் வந்த அதே பெயர்ப் படத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை!) கும்பகோணத்தில் வளர்ந்து டெல்லியில் பேராசிரியராக இருந்தவர் இ.பா. அவருடைய நாவலில் டெல்லியிலிருந்து வரும் படித்த இளைஞர்கள் தஞ்சைக் கிராமத்துப் போராட்டத்துக்குள் இழுக்கப்படுகிறார்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாம் மாறியிருந்தாலும், குடிசை எரியும் முடிவைப் படித்தவர்களுக்கு அது எந்த ஊர் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. 1977-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது.

விருதோடு சண்டையும் வந்தது. நாவலில் வரும் நிலச்சுவான்தார் கண்ணையா நாயுடு ஆண்மைக் குறைவு உள்ளவர். அந்தத் தாழ்வு மனப்பான்மையே அவருடைய கொடுமைக்கு அடியில் இருப்பதாக நாவல் காட்டுகிறது. இடதுசாரி விமர்சகர்கள் கொதித்தார்கள். கூலிக்காக, சாதிக்காக, நிலத்துக்காக நடந்த ஒரு படுகொலையை ஒரு தனி மனிதனின் உடல் குறையாக மாற்றலாமா என்று கேட்டார்கள். அப்படியானால் அவர் மட்டும் ஆரோக்கியமாக இருந்திருந்தால் வெண்மணி நடந்திருக்காதா?

மறுபக்கத்து வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நாவல் என்பது விசாரணைக் கமிஷன் அறிக்கை அல்ல. கொடுமை செய்பவனின் மனதுக்குள் போய்ப் பார்க்கும் உரிமை எழுத்தாளருக்கு உண்டு. வில்லன் என்று ஒரு மரப்பொம்மையை நிறுத்தி வைப்பது இலக்கியம் ஆகாது. அதிகாரத்தில் இருப்பவனின் உள்ளே இருக்கும் வெறுமையைக் காட்ட அந்தக் குறை ஒரு குறியீடு என்றும் வாசிக்கலாம். தவிர, நாவலில் சங்கமும் இருக்கிறது, போலீஸும் இருக்கிறது, அரசியல்வாதிகளும் இருக்கிறார்கள்.

இந்த வாதங்கள் எல்லாம் சரியே. ஆனாலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. உயர் நீதிமன்றம் இந்த மாதிரி கனவான்கள் இதைச் செய்ய மாட்டார்கள் என்றது. நாவல் இந்த மாதிரி காயப்பட்ட மனிதன் இதைச் செய்வான் என்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர் மாதிரித் தெரிந்தாலும், இரண்டும் பார்ப்பது ஒரு மனிதனின் குணத்தை. அந்த அரைப்படி நெல் இரண்டு பார்வையிலும் பின்னால் தள்ளப்பட்டுவிடுகிறது. எரித்ததாகச் சொல்லப்பட்டவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்திருந்தார்கள் என்பதையும், அந்தச் சங்கம் எதற்காக இருந்தது என்பதையும் ஒரு தனி மனிதனின் ரகசியத்தை வைத்து விளக்கிவிட முடியாது.

இங்கேதான் அமெரிக்க மர்ம நாவலின் பழக்கமும் நினைவுக்கு வருகிறது. அந்த வகையில் தீ வைப்பவன் எப்போதும் ஒரு தனி ஆள். அவனுக்குள் ஒரு பழைய காயம், ஒரு பழிவாங்கும் வெறி. அவனைக் கண்டுபிடித்தால் ஊர் பிழைத்தது. மர்மக் கதைக்கு அது வசதி. பகல் வெளிச்சத்தில் எல்லோருக்கும் தெரிந்து வளர்ந்த ஒரு பகையை அந்த அச்சில் வார்க்க முடியாது. வெண்மணியில் கண்டுபிடிக்க வேண்டிய மர்மமே இல்லை. கூலி கேட்டது ஊருக்கே தெரியும், மிரட்டியதும் ஊருக்கே தெரியும்.

பின்னால் வந்தவர்கள் என்ன செய்தார்கள்?

குருதிப்புனலை ஸ்ரீதர் ராஜன் 1983-ல் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்று படமாக எடுத்தார். இளையராஜா இசை. சிறந்த அறிமுக இயக்குநருக்கான இந்திரா காந்தி தேசிய விருது அவருக்குக் கிடைத்தது.

1999-ல் சோலை சுந்தரபெருமாள் 'செந்நெல்' எழுதினார். தஞ்சை மண்ணிலிருந்தே வந்தவர் அவர். தலைப்பைக் கவனியுங்கள். ரத்தம் போய் நெல் வந்துவிட்டது! சண்டை எதைப் பற்றியது என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. 2005-ல் பாரதி கிருஷ்ணகுமார் 'ராமையாவின் குடிசை' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். இறந்தவர்களின் உறவினர்களும் தப்பித்தவர்களும் தாங்களே பேசினார்கள்.

2014-ல் மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் 'தி ஜிப்ஸி காடஸ்' எழுதினார். அது ஒரு வித்தியாசமான நாவல். இந்தக் கதையை எப்படிச் சொல்வது, யார் குரலில் சொல்வது, சொல்ல முடியுமா என்ற தடுமாற்றத்தையே நாவலுக்குள் கொண்டுவந்துவிட்டார். 2019-ல் வந்த 'அசுரன்' படத்தின் பின்கதையில் குடிசைகள் எரியும் காட்சியைப் பார்த்தபோது பலருக்கும் வெண்மணிதான் ஞாபகம் வந்தது.

ஐம்பது வருடமாக ஒரே தீயைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். முன்னால் சொன்னவர் கொடுத்த காரணம் போதவில்லை என்று அடுத்தவர் நினைத்ததும் அதற்கு ஒரு காரணம்.

மன்னிப்பு எங்கே வரும்?

கிறிஸ்தவ நாவல் என்றாலே கடைசியில் மன்னிப்பு வரும். அது அந்த வகையின் உயிர். தீவைப்புக் கதையில் அதை எப்படி எழுதுவது?

இந்தியாவிலேயே இதற்கு ஒரு நிஜ உதாரணம் இருக்கிறது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெய்ன்ஸும் அவருடைய இரண்டு சின்னப் பையன்களும் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அவர் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்துவந்தவர். மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னிப்பதாகச் சொன்னார். உலகமே வியந்தது. தொழுநோயாளிகளுக்கான பணியையும் அவர் தொடர்ந்தார். 2005-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஆனால் அவர் மன்னித்ததால் வழக்கு நிற்கவில்லை. முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. அந்த ஆயுள் தண்டனையை 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மன்னிப்பு அந்த அம்மாவின் மனதில் நடந்தது, தண்டனை நீதிமன்றத்தில் நடந்தது. ஒன்று இன்னொன்றை அழிக்கவில்லை.

வெண்மணியில் நிலைமை வேறு. அங்கே 44 பேரை எரித்ததற்காக எந்தத் தண்டனையும் நிலைக்கவில்லை. அப்படி இருக்கும்போது பாதிக்கப்பட்டவர்கள் மன்னித்தார்கள் என்று ஒரு கதை முடிந்தால், அது யாருக்கு ஆறுதல்? குற்றம் நடந்ததாக ஒப்புக்கொள்ளவே ஆள் இல்லாத இடத்தில் மன்னிப்பை யாரிடம் கொடுப்பது? 1980-ல் கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். நீதிமன்றம் மூடிய கதவை ரத்தம் வேறு பக்கமாகத் திறந்தது. அதையும் நீதி என்று சொல்லி ஒரு நாவலை முடித்துவிட முடியாது.

அப்படியானால் எழுதுபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

எப்படித் தீ வைத்தார்கள் என்ற செய்முறை விளக்கம் எந்தக் கதைக்கும் தேவையில்லை. அதை விட்டுவிடலாம். எரிந்த உடல்களின் வர்ணனையையும் குறைக்கலாம். ஆனால் இறந்தவர்கள் எத்தனை பேர், யார், ஏன் அந்தக் குடிசைக்குள் போனார்கள் என்பதைக் குறைக்க முடியாது. பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம், காதல் கதை ஒன்றைக் கூடச் சேர்க்கலாம். காரணத்தை மாற்றும்போது மட்டும் மிகவும் யோசிக்க வேண்டும். ஏனென்றால் தீர்ப்பை யாரும் வீட்டில் வைத்துப் படிப்பதில்லை. நாவலைப் படிக்கிறார்கள், படத்தைப் பார்க்கிறார்கள். முப்பது வருடம் கழித்து மக்கள் மனதில் நிற்பது கதையில் சொன்ன காரணம்தான்.

சென்னையில் உட்கார்ந்து குருதிப்புனல் படிக்கும் ஒரு கல்லூரி மாணவருக்குக் கீழ்வெண்மணி ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தூரம். ஈக்காட்டுத்தாங்கலில் மெட்ரோ ஏறும் பலர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். அவர்களுக்கு வெண்மணி என்பது ஒரு நாவலின் கடைசி அத்தியாயமாகவோ, ஒரு படத்தின் பத்து நிமிடமாகவோதான் வந்து சேரும். அந்த அத்தியாயத்தில் அரைப்படி நெல் இருக்கிறதா இல்லையா என்று அவர்கள் தேடிப் பார்க்கலாம்.

இன்றும் ஒவ்வொரு டிசம்பர் 25 அன்றும் கீழ்வெண்மணி நினைவிடத்தில் மக்கள் கூடுகிறார்கள். ஊரெங்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் தொங்கும் நாளில், அங்கே வருகிறவர்கள் கையில் செங்கொடி இருக்கும்.